கோதுமைக்கு முந்திய அடுப்படி

கோதுமை சேராத விருந்தாளி ஒருவர் நாலு நாள் தங்க வருகிறார் என்று தெரிந்தால், மலேசியாவில் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ இருக்கும் தமிழ் வீடு சற்றுக் கலங்கித்தான் போகிறது. பசியாற என்ன கொடுப்பது? ரொட்டி ஆகாது, சப்பாத்தி ஆகாது, பூரி, மீ, பிஸ்கட், கேக் எதுவும் ஆகாது. பட்டியல் நீள நீள வீட்டுக்காரருக்குக் கை ஓடுவதில்லை. கடைசியில் பேரங்காடிக்குப் போய், குளூட்டன் இல்லாதது என்று அச்சடித்த வெளிநாட்டு ரொட்டியையும் மாவுக் கலவையையும் சாதாரணப் பொருளைப்போலப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கி வருகிறார்கள். விருந்தாளியும் தன்னால் இவர்களுக்கு இவ்வளவு சிரமமா என்று கூசிப்போகிறார். இந்தக் கலக்கத்துக்கு வேர், நம் அடுப்படியின் வரலாறு நமக்கே மறந்துபோனதில் இருக்கிறது என்பது என் துணிபு. கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் குடும்பமாக வாழத் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதன் முதல் பாதியில் கோதுமை வீட்டு அடுப்பில் அன்றாடம் ஏறியதில்லை. அது வந்த வழியையும் வந்த காலத்தையும் தெரிந்துகொண்டால், கோதுமை இல்லாமல் விருந்து வைப்பது நம்மால் ஆகாத காரியமாகத் தோன்றாது.

கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகிலுள்ள ஆற்றங்கரைக்கும் இடையே 1886-இல் ரயில் ஓடத் தொடங்கியது. போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் 1901-இல் திறந்தது. ரயில் பாதையிலும் காப்பி, ரப்பர் தோட்டங்களிலும் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் வழியாக ஆட்கள் வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் ரயில்வே ஊழியர்களும் பிரிக்பீல்ட்ஸில் குடியேறினார்கள். இவர்கள் எல்லோருக்கும் சோறு போட்டது கப்பல் அரிசி. மலாயா தன் தேவைக்கான அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கியது. அதில் தமிழர் தேர்ந்து கேட்டது ரங்கூன் புழுங்கலரிசி. இதற்குக் கோலாலம்பூர் மருத்துவ வரலாற்றிலேயே சாட்சி உண்டு. பெரிபெரி நோய் சயாமின் தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரை வாட்டியபோது, புழுங்கலரிசி உண்ட தமிழரிடம் அது அரிதாகவே காணப்பட்டது. இந்த வேற்றுமையைக் கண்ட மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர், கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சயாம் அரிசியும் மற்றதற்கு இந்தியர் உண்ணும் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். சயாம் அரிசி உண்டவர்களில் பலர் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பிரிவில் நோய் புதிதாகத் தலைகாட்டவில்லை. 1907-இல் வெளியான அந்த முடிவை, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும் சுமார் 300 ஜாவானியத் தொழிலாளரிடம் சோதித்து 1909-இல் உறுதிப்படுத்தினார்கள். தமிழரின் உணவு புழுங்கலரிசி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தான் அந்த ஆய்வே பிறந்தது.

அப்போதே இங்கே கோதுமை இருந்ததே என்று யாரும் கேட்கலாம். உண்மைதான். வெள்ளைக்காரர் வீட்டில் ரொட்டி இருந்தது, சீக்கியப் போலீஸ்காரரின் குடியிருப்பில் சப்பாத்தி வெந்தது, தமிழ் முஸ்லிம்களின் கடைகளில் பரோட்டா வீசப்பட்டது. மாமாக் கடையின் ரொட்டி சானாய் அந்தப் பரோட்டாவின் வழிவந்தது. ஆனால் இவை எல்லாம் வெளியே போய்க் காசு கொடுத்துத் தின்பவை. தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயத்து வீட்டின் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் அவற்றோடு தொடர்பு இல்லை. அரிசியும் கப்பலில் வந்த அந்நியச் சரக்குதானே, அதை மட்டும் நம்முடையது என்று எப்படிச் சொல்வது என்பது இதைவிடக் கூர்மையான கேள்வி. அரிசி வந்த துறைமுகம் வேறு, அதைக் கையாளத் தெரிந்த கை வேறு. ஊறவைத்து, அரைத்து, உளுந்து சேர்த்துப் புளிக்கவைத்து, ஆவியில் அவித்து, பிழிந்து, இடித்து, வறுத்து என்று ஒரே தானியத்தை இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, முறுக்கு என்று பிரித்தெடுக்கும் அறிவு கடல் கடந்து கூடவே வந்தது. கோதுமை மாவுக்கு அப்படி ஒரு பரம்பரை அறிவு இந்த வீடுகளில் அன்று இல்லை.

அன்றைய அடுப்படியில் கோதுமைக்கு இடமில்லை என்பதைப் போர்க்காலம் இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 1942 ஜனவரி 11-இல் ஜப்பானியப் படை கோலாலம்பூருக்குள் நுழைந்தது. பர்மா அரிசி நின்றுபோனது. பங்கீட்டு அரிசி வரவரச் சுருங்கியது. ஜப்பான்காரன் காலம் என்றதும் இன்றும் முதியவர்கள் வாயில் முதலில் வருவது மரவள்ளிக்கிழங்குதான். அவித்தும், சீவி உலர்த்தி மாவாக்கியும், புட்டாகவும் கஞ்சியாகவும் அதைத் தின்று உயிர் பிழைத்தார்கள். அது பசியின் உணவு, அதைப் போற்றிப் பாட ஒன்றுமில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் உலகின் மறுகோடியில் நடந்த ஒன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், வயிறு ஊதி, உடல் தேய்ந்து, வளராமல் போகும் சீலியாக் நோயாளிக் குழந்தைகளுக்குக் கோதுமைதான் ஆகவில்லையோ என்று போருக்கு முன்பே ஐயுற்றிருந்தார். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நாட்டில் ரொட்டி கிடைக்காமல் போனது. மற்றக் குழந்தைகள் மெலிந்தபோது இந்தக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950-இல் தம் ஆய்வேட்டில் அவர் இதை நிறுவினார். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிலரின் சிறுகுடலைச் சிதைக்கிறது என்று இன்று நாம் அறிந்திருப்பதன் தொடக்கம் அது.

ஐரோப்பா கோதுமையைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்ட அதே சமயத்தில்தான் மலாயாவின் அடுப்படிக்குள் கோதுமை நுழைந்தது. போர் முடிந்த பின்னும் ஆசியா முழுவதும் அரிசிக்குத் தட்டுப்பாடு நீடித்தது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மாவும் பங்கீட்டில் வந்தது. என்ன செய்வதென்று தெரியாத மாவைக் கரைத்துத் தோசையாகச் சுட்டார்கள், வெல்லம் போட்டு அப்பமாக்கினார்கள், உருட்டிக் கொழுக்கட்டை பிடித்தார்கள். அதற்கு அடுத்த படி ஆலை. கோதுமை விளையாத இந்த நாட்டில், 1960-களில் இறக்குமதிக் கோதுமையை இங்கேயே அரைக்கும் ஆலைகள் எழுந்தன. ராபர்ட் குவோக்கின் ஃபெடரல் ஃப்ளவர் மில்ஸ் 1962-இல் தொடங்கப்பட்டது. பேராக்கின் லூமுட்டில் மலாயன் ஃப்ளவர் மில்ஸ் ஆலை அதே பத்தாண்டில் ஓடத் தொடங்கியது. மாவு மலிந்தது. பின்னாளில் அரசு விலைக் கட்டுப்பாடும் அதை மலிவாகவே வைத்திருந்தது. இந்த மாற்றத்தைக் குறைசொல்ல நான் துணியமாட்டேன். விடியுமுன் தோட்டத்தில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடவேண்டிய பெண், அதற்கு முன்பே எழுந்து ஆட்டுக்கல்லைச் சுற்றிய உழைப்பை யாரும் கணக்கில் எழுதவில்லை. ஐந்து நிமிடத்தில் கரைத்துச் சுடக்கூடிய மாவு அவள் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. கோதுமை நம் வீட்டில் நிலைத்ததற்கு ருசியைவிட இதுவே பெரிய காரணம். ஆனால் அந்தக் காரணம் இன்று இல்லை. மின்சார மாவரைக்கும் கல் அரை மணியில் வேலையை முடித்துவிடுகிறது, அரைத்த மாவே கடையில் பாக்கெட்டில் கிடைக்கிறது.

பிறகு வந்த இன்னொரு காரணம் நீரிழிவு. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களிடம் அது 31.4 விழுக்காடு. இரவில் சோற்றை நிறுத்திச் சப்பாத்தி சாப்பிடுங்கள் என்ற அறிவுரை எல்லா வீட்டிலும் ஒலித்தது. விரத நாளில் அரிசி தவிர்த்து ரவை உப்புமா தின்னும் பழக்கமும் அதனோடு சேர்ந்துகொண்டது. இப்படியாக, கோதுமை உடம்புக்கு நல்லது, அரிசி கெட்டது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. விருந்தாளி கோதுமை வேண்டாம் என்றதும் வீட்டுக்காரருக்குப் புரியாமல் போவது இதனால்தான். ஒருவருக்கு மருந்தாகச் சொல்லப்பட்ட தானியம் இன்னொருவருக்கு நஞ்சாக இருக்கலாம். நீரிழிவுக்காரரும் விருந்தாளியும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், வரகுச் சோறு, பயறு அடை என்று வழி இருக்கிறது. அளவறிந்து உண்டால் இருவருக்கும் ஆகும். இவை எதிலும் குளூட்டன் கிடையாது.

பழைய சமையல் என்றாலே பாதுகாப்பு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது இதுதான்: கோதுமை இப்போது பழைய பலகாரங்களுக்குள்ளேயே புகுந்துவிட்டது. சாம்பாரில் கோதுமை எங்கே என்று தோன்றும். ஆனால் கடைப் பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம், அதில் பிசினோடு கோதுமை மாவும் கலந்திருக்கும். பிரிக்பீல்ட்ஸ் யாழ்ப்பாணத் தமிழர் வீட்டுப் புட்டு அரிசிமாப் புட்டாகவும் இருக்கலாம், கோதுமை மாவை அவித்துச் சலித்துக் கலந்ததாகவும் இருக்கலாம். இலங்கையிலேயே அந்தக் கலப்பு வழக்கமாகிவிட்டது, பார்த்துச் சொல்ல முடியாது. பாயசத்தில் சேமியா, கேசரியில் ரவை, பிரட்டலில் ஒரு கரண்டி கிச்சாப். சோயா கிச்சாப்பில் பெரும்பாலும் கோதுமை உண்டு. புரட்டாசியில் சைவ உணவகங்களும் வீடுகளும் விரும்பி வாங்கும் சைவ மட்டன், சைவக் கோழி வகைகளில் பல கோதுமைப் புரதத்தாலேயே செய்யப்படுபவை, அதாவது முழுக்க முழுக்கக் குளூட்டன். வாசலில் நுழைந்ததும் அன்போடு நீட்டும் முதல் குவளையே ஆபத்தாகலாம். மைலோவில் பார்லி மால்ட் இருக்கிறது, ஹார்லிக்ஸும் அப்படியே. வெயிலுக்கு நல்லதென்று கொடுக்கும் பார்லித் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரிசியை அரைக்கக் கொடுக்கும் மில்லில் அதற்கு முன் யாருடைய கோதுமை அரைபட்டது என்பதும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரித்தாலும், சப்பாத்திக் கல்லில் தோசை ஊற்றினாலும் பயனில்லை. குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்ல அனைத்துலக அளவுகோல் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஒட்டிக்கொண்ட துகள்களாலேயே அந்த அளவு தாண்டிவிடலாம்.

இவ்வளவு தேவையா, இது பணக்காரர்களின் புதுப்பழக்கம்தானே என்பாரும் உண்டு. காரணமில்லாமல் கோதுமையைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நோய் இங்கே இல்லை என்ற நம்பிக்கை தவறு. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 562 இளம் வயதினரின் இரத்தத்தைச் சோதித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 1.25 விழுக்காட்டினரிடம் சீலியாக் நோய்க்குரிய எதிர்ப்பொருள்கள் தென்பட்டன. இரத்தக் குறி மட்டுமே நோயை உறுதிசெய்யாது என்றாலும், அது நம்மிடம் அறவே இல்லாத நோயன்று என்பதற்கு இதுவே போதும். ஒரு தானியம் மனிதரை நோயாளியாக்கும், அதை மாற்றினால் பிழைப்பார் என்பதை உலகுக்கு மெய்ப்பித்த ஊர்களில் கோலாலம்பூரும் ஒன்று. அந்த ஊரில் வாழ்ந்துகொண்டு, சாப்பாட்டால் நோய் வருமா என்று விருந்தாளியை ஏளனமாகக் கேட்பது நமக்கு அழகில்லை.

இட்லியையும் சோற்றையும் போட்டு ஒருவரை உபசரிப்பது மரியாதைக் குறைவு, விருந்து என்றால் பரோட்டாவும் கேக்கும் வேண்டும் என்ற தயக்கமே கடைசித் தடை. இந்தத் தயக்கத்தை நான் ஏற்கவில்லை. தலைவாழை இலையில் சோறு, பருப்பு, நெய், ரசம், மீன் குழம்பு, இரண்டு பொரியல், மோர், அரிசியும் பாசிப்பருப்பும் வெல்லமும் சேர்ந்த பொங்கல் என்று பரிமாறினால், அது இந்தப் பள்ளத்தாக்கில் எந்தத் திருமணப் பந்திக்கும் குறைந்ததாகாது. வாழையிலை ஒருவருக்கு ஒன்று, முந்தைய உணவின் துகள் அதில் இருக்காது. காலையில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், மாலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பாலும் போதும். வீட்டில் எல்லோரும் அதையே சாப்பிட்டால் விருந்தாளி தனித்து நிற்கவும் நேராது. தனிப் பாத்திரத்தில் தனி உணவு வாங்கும் நோயாளியாக உணராமல், பந்தியில் ஒருவராக அவர் உட்காரலாம்.

ஆகவே வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான். விருந்தாளி வருமுன்பே அவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள், அவர் உடம்பை அவரைவிட அறிந்தவர் இல்லை. அரிசிமாவு சேர்ந்த பெருங்காயமாகப் பார்த்து வாங்குங்கள், கிடைக்காவிட்டால் பெருங்காயத்தை விட்டுப் பூண்டும் சீரகமும் தட்டிப் போடுங்கள். மாவை வீட்டிலேயே அரையுங்கள், கல்லையும் கரண்டியையும் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், பொரிக்கப் புது எண்ணெய் வையுங்கள். பொட்டலப் பொருளானால் பின்புறத்தைப் படியுங்கள். குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதை அச்சிட்டுச் சொல்லவேண்டும் என்பது 1985 உணவு விதிமுறைகளின்படி இந்நாட்டில் சட்டம்.