போதகர் அரசியல் பேசலாமா?

அமெரிக்கப் பழமைவாதக் கிறிஸ்தவர்கள் என்றாலே தேர்தல் அரசியல்தான் ஞாபகத்துக்கு வருது, இல்லையா? காலங்காலமா அப்படித்தான்னு நானும் நினைச்சிட்டிருந்தேன். கொஞ்சம் நோண்டினப்போ வேற கதை கிடைச்சது.

வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் ஊரில் ஜெர்ரி ஃபால்வெல் என்று ஒரு பாப்டிஸ்ட் போதகர். 1965 மார்ச்சில், வாக்குரிமை கேட்டு செல்மாவில் கறுப்பின மக்கள் அடிபட்ட அதே மாதம், ஒரு பிரசங்கம் செய்தார். போதகரின் வேலை ஆத்தும ஆதாயம், அரசியல் அல்ல என்பது அதன் சாரம். அதே மனிதர் 1979-ல் 'மாரல் மெஜாரிட்டி' அமைப்பைத் துவக்கி, 1980-ல் ரீகனுக்கு ஆள் திரட்டினார்!

நடுவில் என்ன நடந்தது? 1973 கருக்கலைப்புத் தீர்ப்புதான் காரணம்னு சொல்வாங்க. ஆனா 1971-ல் தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடே, சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வேணும்னு தீர்மானம் போட்டிருக்கு. நிறவேற்றுமை காட்டிய கிறிஸ்தவப் பள்ளிகளின் வரிச்சலுகையில் அரசு கைவைத்ததே முதல் பொறி என்கிறார் வரலாற்றாசிரியர் ராண்டல் பால்மர்.

பின்னாளில் ஃபால்வெல் அந்தப் பழைய பிரசங்கத்தை மறுதலித்துவிட்டார். சரி, போதகர் அரசியல் பேசலாமா? தாராளமா பேசலாம். ஆனா அடிபட்டவங்களுக்காகத் திறக்காத வாய் பிறகு திறந்துச்சே, அதுதான் எனக்கு உறுத்துது.