ஆடு, மாடுகளுக்குப் பழக்கழிவு தீவனம்: லாபமாகக் கொடுப்பது எப்படி?

பசுந்தீவனம் கிடைக்காத கோடையில் ஆடு வளர்ப்போருக்குக் கைகொடுப்பவை பழக்கழிவுகள். மாம்பழத் தோல், அன்னாசித் தோல், சாத்துக்குடிச் சக்கை, வாழைப்பழத் தோல் என்று பலவும் பழச்சாறு கடைகளிலும் பழக்கூழ் ஆலைகளிலும் வீணாகின்றன. கோயில் திருவிழாவும் முகூர்த்தமும் நிறைந்த காஞ்சிபுரத்தில் வாழைப்பழமும் வாழை இலையும் சேர்ந்துகொள்ளும். முறையாகக் கொடுத்தால் தீவனச் செலவு குறையும். அளவு தெரியாமல் கொட்டினால் ஒரே இரவில் ஆடு செத்துப்போகும்.

சத்து என்ன?

பழக்கழிவில் சர்க்கரை அதிகம், புரதம் குறைவு. மாம்பழத் தோலின் உலர்பொருளில் புரதம் ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதம்தான். எனவே இதை மட்டும் கொடுத்தால் ஆட்டுக்கு எடை ஏறாது. அகத்தி, வேலிமசால், சவுண்டல் போன்ற தழைகளையோ கடலைப் புண்ணாக்கையோ சேர்க்க வேண்டும். தாது உப்புக் கலவையும் அவசியம்.

ஈரக்கழிவில் பெரும்பகுதி தண்ணீர். கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைகளிலிருந்து வண்டி வைத்து ஏற்றி வந்தால், தண்ணீருக்குத்தான் வாடகை கொடுக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் கிடைப்பதைப் பயன்படுத்துவதே லாபம்.

எவ்வளவு கொடுக்கலாம்?

மொத்தத் தீவனத்தின் உலர்பொருளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது பாதுகாப்பு. 25 கிலோ எடையுள்ள மெட்ராஸ் சிவப்பு ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஈரத்தோல் 1 கிலோ வரை, கறவை மாட்டுக்கு 10 கிலோ வரை போதும். முதல் நாளே முழு அளவைக் கொடுக்கக் கூடாது. ஆட்டுக்கு 100 கிராமில் தொடங்கி, 10 முதல் 14 நாட்களில் படிப்படியாக உயர்த்த வேண்டும். வெறும் வயிற்றில் கொடுக்காமல், முதலில் வைக்கோல் அல்லது புல் தின்ற பிறகே கொடுக்க வேண்டும். மாட்டுக்குப் பால் கறந்த பிறகு வைத்தால் பாலில் வாடை ஏறாது.

ஊறுகாய்ப்புல் முறை

ஈரக்கழிவு ஒன்றிரண்டு நாளில் பூசணம் பிடித்துவிடும். அதனால் காற்றுப்புகாமல் பதப்படுத்தி வைப்பது நல்லது. பெங்களூரிலுள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் அன்னாசித் தோலையும் கொண்டை இலையையும் இப்படிப் பதப்படுத்தி, பசும் மக்காச்சோளத் தீவனத்துக்குப் பதிலாக ஆடுகளுக்கும் கறவை மாடுகளுக்கும் கொடுத்துச் சோதித்துள்ளது.

* தோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு நாள் வாட விட வேண்டும்.
* 100 கிலோ தோலுக்கு 25 கிலோ நறுக்கிய வைக்கோல், அரை கிலோ உப்பு கலக்க வேண்டும்.
* ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னும் வைக்கோல் சேர்க்க வேண்டும்.
* பிளாஸ்டிக் டிரம்மில் அடுக்கடுக்காகப் போட்டு, நன்கு மிதித்து, காற்றுப் புகாமல் மூட வேண்டும்.
* 21 நாட்களுக்குப் பிறகு திறக்கலாம். இனிய புளிப்பு வாசனை வந்தால் நல்லது. அழுகல் நாற்றமோ பூசணமோ இருந்தால் எருக்குழியில் போட்டுவிட வேண்டும்.

மாங்கொட்டை

முழுக் கொட்டையைப் போடவே கூடாது. மாட்டின் தொண்டையில் சிக்கி மூச்சைத் திணறடிக்கும். ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்து, ஊற வைத்து, காயவைத்து அரைத்தால் அடர்தீவனத்தில் 10 சதவீதம் வரை சேர்க்கலாம். ஊற வைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பருப்பிலுள்ள துவர்ப்புப் பொருள் அதில் ஓரளவு இறங்கிவிடும்.

கவனிக்க வேண்டியவை

திருவிழாவுக்கு மறுநாள் கூடை கூடையாக வாழைப்பழமும் மீந்த பொங்கலும் மாட்டுக்கு வைப்பது புண்ணியம் என்று நினைப்பவர்கள் உண்டு. இவை இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலமாகும். ஆடுகளுக்குத் துள்ளுமாரி நோய் வரவும் திடீர்த் தீவன மாற்றம் காரணமாகிறது. துள்ளுமாரித் தடுப்பூசியைத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

தீவனம் எடுக்காமை, அசைபோடாமை, இடப்பக்க வயிறு உப்புதல், புளித்த நாற்றத்துடன் தண்ணீராகக் கழிதல், தள்ளாடிப் படுத்தல் ஆகியவை அமில நோயின் அறிகுறிகள். உடனே பழக்கழிவை நிறுத்தி, உலர்ந்த வைக்கோல் மட்டும் வையுங்கள். படுத்துவிட்ட ஆட்டின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

கடைகளிலிருந்து எடுத்துவரும் கழிவில் உறிஞ்சுகுழல், பாலித்தீன் பை, ரப்பர் பேண்ட் கிடக்கும். தரையில் கொட்டிப் பொறுக்கிய பிறகே தொட்டியில் போட வேண்டும். கடைக்காரரிடம் தனி வாளி கொடுத்து, தோலை மட்டும் போடச் சொல்வது இன்னும் நல்லது. மருந்து தெளித்த பழமாக இருக்கலாம் என்பதால் தோலை ஒருமுறை கழுவிவிடுங்கள்.

தீவனக் கலவை குறித்து மேலும் அறிய, காட்டுப்பாக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தையோ அணுகலாம்.