பட்டாணி சூப்பும் பஞ்ச காலமும்

அயர்லாந்துக்காரங்க சாப்பாடுன்னா உருளைக்கிழங்குன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. தப்பில்லை. ஆனா உருளைக்கிழங்கு அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்ந்து நானூறு வருஷம் சொச்சம்தான் ஆகுது. பட்டாணி அதுக்கு ரொம்ப முன்னாடியே அங்க இருந்தது. ஐரிஷ் மொழியில அதுக்குப் பேரு 'பிஷ்'. லத்தீன் சொல்லிலேர்ந்து வந்தது.

ஆபீஸ் வேலையா பெல்ஃபாஸ்ட்ல ஏழு மாசம் இருந்தப்போ இந்தப் பட்டாணி எனக்குப் பழக்கமாச்சு. இப்போ கல்கத்தாவுல இருக்கேன். இங்கே தெருவுக்குத் தெரு குக்னி விக்கிறாங்க, அதுவும் காஞ்ச பட்டாணிதான். அதனால விஷயம் மனசை விட்டுப் போகலை. கொஞ்சம் படிச்சேன். படிக்கப் படிக்க, சமையல் குறிப்பு எழுத ஆரம்பிச்சது வேற எங்கேயோ போயிடுச்சு. முதல்ல அதைச் சொல்லிடறேன், குறிப்பு பின்னால வருது.

முதல்ல ஒரு விளக்கம். அங்கே பழைய சமையல்ல பட்டாணின்னா நாம குளிர்காலத்துல கிலோ கணக்குல வாங்கி, டிவி பாத்துக்கிட்டே உரிக்கிற பச்சைப் பட்டாணி இல்லை. செடியிலயே காயவிட்டு எடுக்கிற பட்டாணி. பெருசா, சுருங்கிப்போய் இருக்கும். மாரோஃபேட்னு பேர். எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜை மாதிரி வழவழன்னு வேகும். குளிரும் மழையுமா இருக்கிற ஊர்ல வருஷம் முழுக்கக் கெடாம இருக்கணுமே! நமக்குத் துவரம்பருப்பு எப்படியோ அப்படி.

அந்தஸ்துல மட்டும் அது கடைசிதான். ஏழெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு ஐரிஷ் சட்ட நூல் இருக்கு, 'ப்ரெஹா டேன் ஹேக்ட்'னு. வைத்தியம், காயம், நஷ்ட ஈடு பத்தினது. ஒருத்தனைக் காயப்படுத்தினா, அந்தக் காயத்துல எத்தனை தானிய மணி அடங்கும்னு அளந்து ஈடு கட்டணுமாம். எல்லாருக்கும் ஒரே தானியம்னு நினைச்சுடாதீங்க. ராஜா, பிஷப், பெரிய புலவர் இவங்க காயத்துக்குக் கோதுமை. தரம் இறங்க இறங்க வேற வேற தானியம். கடைசிப் படியில நிக்கிற சின்ன ஆளுங்களுக்குப் பட்டாணியும் அவரையும். கோதுமை சின்ன மணி, ஒரே காயத்துல நிறைய அடங்கும், ஈடும் அதிகம். பட்டாணி பெருசு, நாலு மணியிலயே காயம் நிரம்பிடும். ஏழைக்கு ஏன் கம்மின்னு கேட்டா, 'அளந்துதானே குடுத்தோம்'னு சொல்லிக்கலாம். என்ன மூளை பாருங்க!

1169ல நார்மன்காரங்க வந்தப்புறம் பட்டாணியும் அவரையும் வயல்ல பெரிய அளவுல விளைய ஆரம்பிச்சது. கோதுமை, ஓட்ஸ் போட்ட நிலத்துல மாத்திப் போடற பயிர் அது. மண்ணுக்கு நல்லது, மனுஷனுக்கும் நல்லது. கறி சாப்பிடக் கூடாத வெள்ளிக்கிழமைக்கும், ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் விரதத்துக்கும் கை குடுத்தது.

அப்புறம் உருளைக்கிழங்கு வந்தது. அது வந்தப்புறம் ஏழை வீட்டுச் சட்டியில பட்டாணிக்கு இடமில்லாமப் போச்சு. ருசி மாறினதால இல்லை. நிலம்தான் காரணம். பதினெட்டாம் நூற்றாண்டுல ஜனத்தொகை ஏறிக்கிட்டே போக, கூலிக்காரக் குடும்பத்துக்குக் கிடைச்சது துண்டு நிலம். அந்தத் துண்டுல வயிறு நிறைய விளையறது உருளைக்கிழங்கு ஒண்ணுதான். வேலை செய்யற ஒரு ஆம்பளை ஒரு நாளைக்கு அஞ்சாறு கிலோ சாப்பிடுவானாம்! கூட மோர். அவ்வளவுதான் சாப்பாடு. ஓட்ஸ், கோதுமை, பட்டாணி எல்லாம் வித்துக் குத்தகை கட்டறதுக்கு. வீட்டுல ஒரு பன்றி வளரும், அதுவும் விக்கறதுக்குத்தான். பன்றிக்கு அங்கே ஒரு செல்லப் பேரே உண்டு: வாடகை கட்டற கனவான். வாடகை கட்டறவரை அடிச்சு சாப்பிட முடியுமா?

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, இன்னைக்கு ஐரிஷ் பாரம்பரிய உணவுன்னு எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் பட்டாணியும் உப்புப் பன்றிக்கறியும் போட்ட சூப் இருக்கும். அந்த ரெண்டுமே, அதை விளைவிச்சவங்க வளர்த்தவங்க வாய்க்குப் போகாத சாமான். பாரம்பரியம்தான், ஆனா யார் வீட்டுப் பாரம்பரியம்னு கேட்டுக்கணும்.

1845ல உருளைக்கிழங்குச் செடியில ஒரு நோய் வந்தது. அடுத்த வருஷம் கிட்டத்தட்ட மொத்தமும் போச்சு. 1841 கணக்கெடுப்புல 81 லட்சத்துக்கு மேல இருந்த ஜனம், 1851ல 65 லட்சம். சுமார் 10 லட்சம் பேர் பசியிலயும் காய்ச்சல்லயும் செத்தாங்க, இன்னொரு 10 லட்சத்துக்கும் மேல கப்பலேறிப் போனாங்க.

அந்தப் பஞ்சத்துலயே ரொம்ப மோசமான வருஷம் 1847. அந்த வருஷம் அயர்லாந்துத் துறைமுகங்கள்லேர்ந்து வெளியே போன சரக்குப் பட்டியலை கிறிஸ்டின் கினீலிங்கிற வரலாற்று ஆசிரியர் தேடி எடுத்து எழுதியிருக்காங்க. அதுல பட்டாணி இருக்கு. அவரை, வெங்காயம், முயல், சால்மன், தேன் எல்லாம் இருக்கு. எனக்குப் பட்டாணிங்கிற வார்த்தையிலயே கண் நின்னுடுச்சு.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். 1847ல வெளியே போன தானியத்தை விட உள்ளே வந்தது அதிகம். முக்கியமா அமெரிக்க மக்காச்சோளம். அதனால பட்டாணிக் கப்பலை நிறுத்தியிருந்தா எல்லாரும் பிழைச்சிருப்பாங்கன்னு நான் சொல்ல வரலை. ஆனா சாமான் இருந்தும் வாங்கக் காசில்லாம செத்தாங்க. காசில்லாதவன் கண் முன்னாலயே மூட்டை கப்பல் ஏறுது. அது வேற வலி.

அதே வருஷம் ஏப்ரல்ல டப்ளின்ல ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கைன்னு சொல்லவே கூசுது. லண்டன் ரிஃபார்ம் கிளப்போட பிரபல சமையல்காரர் அலெக்ஸிஸ் சோயர், பிரெஞ்சுக்காரர், அவரைக் கூப்பிட்டு ஏழைகளுக்கு மலிவா சூப் காய்ச்சச் சொன்னாங்க. ராணுவ முகாம் முன்னாடி பெரிய கொட்டகை. ஒரு தடவைக்கு நூறு பேர், மணி அடிச்சா உள்ளே, மணி அடிச்சா வெளியே. கிண்ணத்தோட ஸ்பூனைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. திறப்பு விழா அன்னைக்குப் பெரிய மனுஷங்க அஞ்சு ஷில்லிங் நன்கொடை குடுத்து ஏழைங்க சாப்பிடறதை வந்து பாத்தாங்க.

அந்த சூப்ல என்ன இருந்ததுன்னு பாருங்க. சோயர் வெளியிட்ட முதல் குறிப்புல ரெண்டு காலன் தண்ணிக்கு, அதாவது 9 லிட்டருக்கு, மாட்டுக்கறி கால் பவுண்டு. 110 கிராம் சொச்சம்! அப்புறம் கொஞ்சம் கொழுப்பு, ரெண்டு வெங்காயம், அரை பவுண்டு மாவு, அரை பவுண்டு பார்லி, உப்பு, துளி சர்க்கரை. பட்டாணி ஒரு மணி கூடக் கிடையாது. நூறு கிராம் காஞ்ச பட்டாணியில புரதம் இருபது கிராமுக்கு மேல. ஒரு கை அள்ளிப் போட்டிருந்தா அது சூப். இல்லாததால வெறும் மாவுக் கஞ்சித்தண்ணி. அப்பவே டாக்டர்கள் இதைக் கிழிச்சு எழுதினாங்க. இத்தனைக்கும் சோயர் கெட்டவர் இல்லை. குடுத்த காசுக்குள்ள எத்தனை பேருக்கு முடியுமோ அத்தனை பேருக்குன்னு கணக்குப் போட்டார். அந்தக் கோடையில அரசாங்கக் கஞ்சித் தொட்டிகள்ல தினமும் 30 லட்சம் பேர் வரைக்கும் சாப்பிட்டாங்க. குறை எவ்வளவு இருந்தாலும் அது பல உயிரைக் காப்பாத்தின ஏற்பாடு. இலையுதிர் காலத்துக்குள்ள அதையும் மூடிட்டாங்க.

அந்தக் காசுக் கணக்கைக் கையில வச்சிருந்தவர் லண்டன் கருவூலத்துல இருந்த சார்லஸ் ட்ரெவெல்யன். சந்தையில தலையிடக் கூடாது, இலவசமா குடுத்தா ஜனம் சோம்பேறியாயிடும்ங்கிற கட்சி. அயர்லாந்துல இன்னைக்கும் அவர் பேரைச் சொன்னா முகம் மாறும். 1979ல வந்த 'ஃபீல்ட்ஸ் ஆஃப் ஆத்தன்ரை'ங்கிற பாட்டுல அவர் பேரும் அவரோட சோளமும் வரும். மைதானத்துல ஆயிரக்கணக்கானவங்க சேர்ந்து அதைப் பாடுவாங்க.

பேரைக் கேட்டா சென்னைக்காரங்களுக்குப் பொறி தட்டணுமே? அதே ட்ரெவெல்யன்தான் 1859ல சென்னை மாகாணத்துக்குக் கவர்னரா வந்தார். சென்ட்ரல் பக்கத்துல பீப்பிள்ஸ் பார்க் அமைச்சது அவர்தான். ரிப்பன் கட்டடம், விக்டோரியா ஹால், எரிஞ்சுபோன மூர் மார்க்கெட், நேரு ஸ்டேடியம் எல்லாம் அந்த நிலத்துல வந்ததுதான். வண்டலூருக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம 'உயிர் காலேஜ்' இருந்ததும் அங்கேதான். புது வருமான வரியை வெளிப்படையா எதிர்த்து எழுதினதுக்காக 1860லயே திருப்பிக் கூப்பிட்டுட்டாங்க. அதனால சென்னையில அவருக்குக் கொஞ்சம் நல்ல பேர். ஒரே மனுஷன், ரெண்டு கடற்கரை, ரெண்டு பேர். எந்தக் கணக்கை எதுல கழிக்கறதுன்னு எனக்குத் தெரியலை.

நான் இருக்கிற கல்கத்தாவுக்கும் இதுல ஒரு பங்கு உண்டு. 1846 ஜனவரியில இங்கே அயர்லாந்துப் பஞ்ச நிவாரண நிதின்னு தொடங்கி சுமார் 14,000 பவுண்டு சேர்த்து அனுப்பினாங்க. இங்கே வேலை பார்த்த ஐரிஷ் சிப்பாய்கள், வெள்ளைக்கார அதிகாரிகள், நம்ம ஊர்ப் பணக்காரங்க எல்லாரும் குடுத்திருக்காங்க. உலகத்துலயே முதல்ல போன உதவிகள்ல அது ஒண்ணு.

பஞ்சம் முடிஞ்சு ரெண்டு தலைமுறைக்கு அப்புறம்தான் பட்டாணி சாதாரண ஜனங்க சட்டிக்குத் திரும்பி வந்தது. இந்தத் தடவை வயல்லேர்ந்து இல்லை, மளிகைக் கடையிலேர்ந்து. லிமரிக், கார்க் பக்கம் பெரிய பன்றிக்கறி ஆலைகள் வந்தாச்சு. நல்ல கறி இங்கிலாந்துக்குப் போகும். விலா எலும்பு, முழங்கால், குளம்பு உள்ளூர்ல மலிவா கிடைக்கும். ஷெஃபீல்ட்ல 1895ல தொடங்கின பாட்ச்லர்ஸ் மாதிரி கம்பெனிகள் காஞ்ச பட்டாணியைப் பெட்டியில அடைச்சு, கூடவே ஊறவைக்க ஒரு மாத்திரையும் போட்டு வித்தாங்க. மருந்துன்னு பயந்துடாதீங்க, நம்ம ஆப்ப சோடாதான் :-) எலும்பும் பெட்டிப் பட்டாணியும் சேர்ந்ததுதான் இன்னைக்குப் பாரம்பரியம்னு சொல்ற அந்த சூப்.

செய்முறை இதுதான். முதல் நாள் ராத்திரி கால் கிலோ காஞ்ச பட்டாணியை வெந்நீர்ல கால் ஸ்பூன் சோடா போட்டு ஊறவைக்கணும். உப்புப்போட்ட பன்றிக்கால் துண்டைத் தனியா ஊறவச்சு உப்பை இறக்கணும். காலையில ரெண்டையும் நல்லா அலசி, வெங்காயம், கேரட், செலரி, ஒரு பிரிஞ்சி இலையோட சின்னத் தீயில ரெண்டு மணி நேரம். கறி எலும்பை விட்டு வரும், பட்டாணி கரைஞ்சு குழம்பாகும். உப்பை ருசி பாத்துட்டுக் கடைசியில மட்டும்.

சோடா எதுக்குன்னா, பட்டாணியோட செல் சுவரைக் கெட்டியா பிடிச்சிருக்கிற பெக்டினை அது இளக்கும். உப்புத் தண்ணி ஊர்ல இருக்கிறவங்களுக்கு இது ரொம்ப உதவும். அதிகமா போட்டா பி1 சத்து போயிடும், சோப்பு வாசனையும் அடிக்கும். புளிப்பு இதுக்கு நேர் எதிர், வேக விடாது. பருப்பு வெந்தப்புறம்தான் புளியை விடணும்னு அம்மா சொல்றது இதேதான். பெல்ஃபாஸ்ட்லயும் வெந்த பட்டாணியைக் கிண்ணத்துல வாங்கி, கையில வந்தப்புறம்தான் மேல வினிகர் ஊத்திப்பாங்க. தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்ல மாங்காயைக் கடைசியில போடற மாதிரி.

பன்றிக்கறி வேண்டாம்னு இருக்கிறவங்களுக்கு வடக்கு அயர்லாந்தோட பட்டாணி சாம்ப். இதுக்குப் பச்சைப் பட்டாணியே போதும். ஒரு கிலோ உருளைக்கிழங்கை வேகவச்சு, தண்ணியை வடிச்சு, ஆவி போனதும் சூட்டோட மசிக்கணும். அந்தக் காலத்துல பெரிய பானையில போட்டுக் கட்டைத் தடியால இடிப்பாங்களாம். ஒரு டம்ளர் சூடான பாலும், வேகவச்ச கால் கிலோ பட்டாணியும் சேர்த்து, உப்பு, மிளகுத்தூள். பாதிப் பட்டாணி நசுங்கணும், பாதி முழுசா நிக்கணும். தட்டுல குவிச்சு, நடுவுல குழி பண்ணி, வெண்ணெய் நிறைய. சோத்துல ரசத்துக்குக் குழி பண்ற நம்ம பசங்களுக்குச் சொல்லியே குடுக்க வேண்டாம். ஓரத்துலேர்ந்து எடுத்து, நடுவுல உருகின வெண்ணெயில தோய்ச்சுத் தோய்ச்சு சாப்பிடணும். குழிக் கரையை உடைச்சா வெண்ணெய் ஓடிடும், ஜாக்கிரதை.

எங்க வீட்டுல அதுக்கு ஊறுகாய் தொட்டுக்கிறாங்க. பெல்ஃபாஸ்ட் நண்பருக்குப் போட்டோ அனுப்பினேன். இன்னும் பதில் வரலை.