யாருடைய ‘நான்’?

பாடகன் ‘நான்’ என்று தொடங்கினால் அது கலை. பாடகி ‘நான்’ என்று தொடங்கினால் அது அவள் நாட்குறிப்பு. ராக் சங்கீதம் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி இந்த இரட்டை அளவுகோலை வைத்துக்கொண்டு எழுதப்பட்டதுதான். கொலைகாரனின் குரலில் பாடும் ஆணை யாரும் போலீசில் பிடித்துக் கொடுப்பதில்லை. பாலி ஜீன் ஹார்வியின் முப்பது வருஷத்துக்கும் மேலான இயக்கத்தை இந்த அளவுகோலுக்கு எதிரான ஒரு நீண்ட வாதமாகப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு ஆல்பத்திலும் குரலை மாற்றி, வாத்தியத்தை மாற்றி, கடைசியில் பாஷையையே மாற்றி அவர் செய்த வாதம் இது.

1969ல் இங்கிலாந்தின் தென்மேற்கில், டார்செட்டில் பிறந்தவர் ஹார்வி. கார்ஸ்கம் என்ற சிற்றூரில் வளர்ந்தார். தந்தைக்குக் கல் தொழில், தாய் சிற்பி. வீட்டில் ஒலித்த இசைத்தட்டுகள் அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ், பாப் டிலன், காப்டன் பீஃப்ஹார்ட். இந்த விவரம் வெறும் வம்சாவளிக் குறிப்பு என்று தள்ளிவிடத் தக்கதில்லை. ப்ளூஸில் ‘நான்’ ஒரு பொதுச் சொத்து. ஒருவர் பாடிய வரியை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். மூன்றாமவர் அதைத் திருப்பிப் போடுவார். அந்த ‘நான்’ யாருடைய சொந்த வாழ்க்கை என்று விசாரிப்பது அந்த மரபையே அறியாத கேள்வி. ஹார்வியின் செவிப் பயிற்சி இங்கே தொடங்கியது.

1988ல் ஜான் பாரிஷ் நடத்திவந்த ‘ஆட்டோமாடிக் லமினி’ குழுவில் சேர்ந்தார். 1991ல் விலகி, தன் பெயரிலேயே மூவர் குழு ஒன்றை அமைத்தார். லண்டனில் சிற்பக் கலை படிக்கக் கிடைத்த இடத்தை ஒத்திப்போட்டவர், பிறகு அந்தப் பக்கம் போகவேயில்லை. ஆனால் சிற்பம் அவரை விடவில்லை. 1992ல் வந்த முதல் ஆல்பம் ‘ட்ரை’. அதிலுள்ள ‘ஷீலா நா கிக்’ பாட்டின் தலைப்பு, அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் இடைக்கால தேவாலயச் சுவர்களில் காணப்படும், தன் உறுப்பைத் திறந்து காட்டும் பெண் கற்சிலையின் பெயர். அந்தக் கல் முகமூடியை மாட்டிக்கொண்டு, ஆண் அருவருப்போடு விலகும் காட்சியைப் பாடியபோது ஹார்விக்கு வயது இருபத்திரண்டு. பத்திரிகைகள் முகமூடியைப் பார்க்கவில்லை. பெண்ணை மட்டும் பார்த்தன.

அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் மின்னஸோட்டா மாநிலத்தில் பாக்கிடெர்ம் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில், ஸ்டீவ் ஆல்பினியோடு ‘ரிட் ஆஃப் மீ’ பதிவாயிற்று. இரண்டு மாதம் கழித்து நிர்வாணா குழுவினர் அதே கூடத்தில் அதே ஆல்பினியிடம்தான் தங்கள் கடைசி ஸ்டூடியோ ஆல்பத்தைப் பதிந்தார்கள். ‘ரிட் ஆஃப் மீ’ 1993ல் வெளியானது. அதன் தலைப்புப் பாட்டு காதருகே முணுமுணுப்பாகத் தொடங்கி, எச்சரிக்கையில்லாமல் வெடிக்கிறது. கேட்பவன் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தால் அடி வாங்குவான். குறைத்து வைத்திருந்தால் மிரட்டலைத் தவறவிடுவான். அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ‘4 டிராக் டெமோஸ்’ தொகுப்பில், இந்தப் பாட்டுகளில் பலவற்றைத் தனியாக ஒரு சிறு கருவியில் பதிவு செய்த முதல் வடிவத்தில் கேட்கலாம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவனுக்கு ஒன்று புலப்படும்: ஆவேசம் கட்டுப்பாடில்லாமல் கொட்டியதில்லை. எந்த இடத்தில் எவ்வளவு என்று அளந்து வைத்தது. நானும் முதலில் இதை ஒரு பெண்ணின் கோபம் என்று கேட்டவன்தான். ‘டெமோஸ்’ கேட்ட பிறகே என் காது திருந்தியது.

மூவர் குழு கலைந்தபின் 1995ல் வந்த ‘டு பிரிங் யு மை லவ்’ ஆல்பத்தில் பிரச்னை உச்சத்துக்குப் போயிற்று. ‘டௌன் பை தி வாட்டர்’ பாட்டில் பேசுபவள், தன் மகளை நீரில் மூழ்கடித்த தாய். ஹார்வி நிஜமாகவே ஒரு பிள்ளையைப் பெற்று நீரில் மூழ்கடித்தார் என்று நம்புமளவுக்கு விமர்சகர்கள் போய்விட்டதாக அவரே சலித்துக்கொள்ளும்படி ஆயிற்று. அந்த நாட்களில் அவர் மேடையில் பூசிக்கொண்ட அதீதமான ஒப்பனையை இதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம். இது வேஷம், வேஷமென்று பார் என்று அது கத்திற்று.

வெள்ளைக்காரர்களைக் கேலி செய்ய நமக்கு அருகதையில்லை. ‘தலைவி கூற்று’ என்று துறை வகுத்து, பேசுபவள் வேறு, கவி வேறு என்று சொல்லிவைத்த மரபு நம்முடையது. இருந்தும் வெள்ளிவீதியார் என்றதும், காதலனைத் தேடி அலைந்த பெண்ணின் கதையும் அவர் பாட்டுகளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. ஔவையாரின் அகநானூற்றுப் பாட்டு ஒன்றிலேயே அதற்கு வித்து இருக்கிறது. கபிலரின் குறிஞ்சிப் பாட்டுகளிலிருந்து இப்படிக் கபிலரின் காதல் சரித்திரத்தை யாரும் பின்னியதாகத் தெரியவில்லை.

2000ல் வந்த ‘ஸ்டோரீஸ் ஃப்ரம் தி சிட்டி, ஸ்டோரீஸ் ஃப்ரம் தி ஸீ’ அடுத்த ஆண்டு மெர்க்குரி பரிசு பெற்றது. பரிசளிப்பு நாள் 2001 செப்டம்பர் 11. ஹார்வி அன்று வாஷிங்டனில் இருந்தார். தொலைபேசியில்தான் பரிசை ஏற்றுக்கொண்டார். 2007ல் ‘ஒயிட் சாக்’. வெற்றி தந்த கிதாரை ஒதுக்கிவிட்டு, தேர்ச்சியில்லாத பியானோவின் முன் உட்கார்ந்து, தன் இயல்பான குரலுக்கு மேலே ஒரு மெலிந்த உச்ச ஸ்தாயியில் பாடினார். பழைய ரசிகர்களில் பலர் திகைத்தார்கள்.

அந்த மெலிந்த குரல்தான் 2011ல் ‘லெட் இங்கிலண்ட் ஷேக்’கைச் சாத்தியமாக்கியது. டார்செட் கடலோரத்து தேவாலயம் ஒன்றில் பதிவானது. வார்த்தைகளை முதலில் தனியே எழுதி முடித்து, இசையைப் பிறகு சேர்த்தார். 1915ன் கலிப்போலி யுத்தகளம், சிதறிய உடல்கள், இங்கிலாந்து என்னும் தேசத்தின் மண் எல்லாம் ஆட்டோஹார்ப்பின் லேசான மீட்டலில், ஏறக்குறைய குழந்தைப் பாட்டுப் போல வருகின்றன. ஒரு பாட்டில் குதிரைப் படையின் ஊதுகொம்பு, தாளத்தோடும் சுருதியோடும் ஒட்டாமல் குறுக்கே வந்து விழுகிறது. திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார். இங்கே ‘நான்’ ஒரு சிப்பாய். சில இடங்களில் செத்துப்போன சிப்பாய். 2010 ஏப்ரலில், தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, பி.பி.சி. நிகழ்ச்சியில் பிரதமர் கார்டன் பிரௌன் எதிரிலேயே இதன் தலைப்புப் பாட்டைப் பாடினார். ஆப்கானிஸ்தானில் பிரிட்டிஷ் துருப்புகள் இருந்த காலம் அது. கோஷமில்லை, பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. ஆல்பம் மீண்டும் மெர்க்குரி பரிசு பெற்றது. அப்பரிசை இருமுறை பெற்ற முதல் கலைஞர் இவர்.

அடுத்தது சறுக்கல். கொசோவோ, ஆப்கானிஸ்தான், வாஷிங்டன் ஆகிய இடங்களுக்குப் போய்வந்து, 2015ல் லண்டன் சாமர்செட் ஹவுஸில் கண்ணாடிக்குப் பின்னால் பொதுமக்கள் பார்த்திருக்கப் பதிவு செய்த ‘தி ஹோப் சிக்ஸ் டெமொலிஷன் ப்ராஜெக்ட்’ 2016ல் வந்தது. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த அவருடைய முதல் ஆல்பம் இதுதான் என்பதை ஒரு வேடிக்கையாகவே சொல்ல வேண்டும். காரில் உட்கார்ந்து ஏழைகளின் தெருக்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பவரின் குரல் இதில் கேட்கிறது. வாஷிங்டன் உள்ளூர் அரசியல்வாதிகள் ஆத்திரப்பட்டார்கள். அவர்கள் காரணம் வேறு. என் காரணம் இது: முதல் முறையாக முகமூடியைக் கழற்றிவிட்டு ஹார்வி ஹார்வியாகவே நின்றார், பாட்டு செய்திக் குறிப்பாகச் சுருங்கிற்று. எந்த ‘நிஜ நானை’ விமர்சகர்கள் முப்பது வயசுவரை அவரிடம் தேடினார்களோ, அது கிடைத்த இடத்தில் கலை குறைந்துவிட்டது.

2022ல் ‘ஓர்லம்’ என்ற கவிதை நூல். 2023ல் அதன் வார்த்தைகளைக் கொண்டு ‘ஐ இன்சைட் தி ஓல்ட் இயர் டையிங்’ என்ற ஆல்பம். பேசுபவள் ஒன்பது வயதுச் சிறுமி. பாஷை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் பார்ன்ஸ் கவிதை எழுதிய, இன்று வழக்கொழிந்துவரும் டார்செட் பேச்சு. நூலில் எதிர்ப்பக்கத்தில் சாதாரண ஆங்கிலத்திலும் தரப்பட்டிருக்கிறது. ஆல்பத்தில் எதிர்ப்பக்கம் கிடையாது. கேட்பவன் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் அந்தக் காட்டுக்குள் போக வேண்டும்.

ஊரைவிட்டுக் கிளம்பிய பெண் ஊருக்கே திரும்பினாள் என்று இதற்கு ஒரு சுகமான முடிவு எழுதிவிடலாம். மறுபடியும் நாட்குறிப்புதான். ஹார்வி திரும்பியது ஊருக்கு என்பதைவிட முகமூடிக்கு என்பதே சரி.