ஏற்காட்டு ஆர்க்கிட் பூங்கா பிறந்த கதை

ஏற்காட்டில் ஆர்க்கிட் பூங்காவைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள், "பூவே காணோமே, இலையும் தொட்டியும்தான் இருக்கு" என்று சொல்வதுண்டு. அந்தக் குறை நியாயமானதா என்று தெரிய, பூங்கா எதற்காகப் பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை இன்று காப்பி மலை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். இப்போது மஞ்சக்குட்டைப் பக்கம் போனாலும் நாகலூர்ப் பக்கம் போனாலும் காப்பிச் செடிகளும், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களும்தான். காப்பி இந்த மலைக்குச் சோறு போட்டது. ஆனால் எந்த மலையிலும் காடு தோட்டமாக மாறும்போது, பழைய மரங்களை நம்பி வாழும் செடிகள் வீடிழக்கின்றன.

ஆர்க்கிட் அப்படிப்பட்ட செடி. நம் மலைகளில் பல வகை ஆர்க்கிட்கள் மரக்கிளையில் ஒட்டி வளர்கின்றன. மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை, உட்கார இடம் மட்டும்தான் கேட்கின்றன. வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சு போன்ற உறை மழையையும் பனியையும் வாங்கிக்கொள்ளும். ஒரே காயில் லட்சக்கணக்கான விதைகள்கூட இருக்கலாம். ஆனால் தூசி போன்ற அந்த விதைக்குள் உணவுச் சேமிப்பு கிடையாது. அதற்கு ஏற்ற பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். முளைத்தது பூக்கவும் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே காட்டில் ஒரு செடியைப் பெயர்த்தால், அந்த இடம் லேசில் நிரம்பாது. பூவின் அழகே அதற்கு எமனானது. அகத்தியமலையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் வளராத பாபியோபெடிலம் ட்ரூரி என்ற ஆர்க்கிட்டை விற்பனைக்காகப் பெயர்த்துப் பெயர்த்து, அழிவின் விளிம்புக்கே தள்ளிவிட்டார்கள்.

இந்தச் செடிகளுக்குக் காவல் கிடைத்த கதை ஓர் அரசுத் துறையில் தொடங்குகிறது. 1890-இல் உருவான இந்தியத் தாவரவியல் ஆய்வகம் சுதந்திரத்தின்போது நலிந்து கிடந்தது. அதைச் சீரமைக்க நேரு அழைத்தது தாவரவியலாளர் ஜானகி அம்மாளை. கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலும் பிறகு இங்கிலாந்திலும் பணிபுரிந்த தலைச்சேரிக்காரர் அவர். 1952-இல் சிறப்பு அதிகாரியாகப் பொறுப்பேற்றார். 1954-இல் துறை மறுசீரமைக்கப்பட்டது. மறு ஆண்டே கோவையில் அதன் தென்மண்டல அலுவலகம் வந்தது. தென்னாட்டுக் காடுகளில் செடி தேடி அலைவதே அதன் வேலை. உலர்த்தித் தாளில் ஒட்டிய மாதிரி ஆய்வுக்கு உதவும், செடியின் உயிரைக் காக்காது. உயிரோடு வளர்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

கோவையின் வெயிலில் அது நடக்கிற காரியமல்ல. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குளிரும் பனிமூட்டமும் உள்ள ஏற்காடு அதற்குப் பொருந்தியது. 1963-இல் இங்கே ஆர்க்கிட் பூங்கா தொடங்கியது. அப்போது துறையின் இயக்குநர் சாண்டாபாவ். ஸ்பெயினில் பிறந்து, இந்தியாவையே தன் நாடாக்கிக்கொண்ட பாதிரியார். பம்பாய்ப் பகுதி ஆர்க்கிட்களைப் பற்றி நூல் எழுதியவர்களில் ஒருவர். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் 1973-இல்தான் கையெழுத்தானது. ஏற்காட்டில் தொட்டி வைத்தது அதற்குப் பத்து ஆண்டு முன்பே.

பிறகு மேகாலயக் குன்றுகளின் பூச்சியுண்ணும் குடுவைச் செடியும் இங்கே இடம் பெற்றது. ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று சேலத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இதுவும் ஒரு சுற்றுலா இடமானது. அதில் தவறில்லை. மக்கள் வந்து பார்க்காத செடிக்காகப் பேச யாரும் இருக்கமாட்டார்கள்.

பூக்காத மாதத்தில் போகிறவர்கள் தொட்டிமுன் ஒரு நிமிடம் நின்று, பெயர்ப்பலகையைப் படியுங்கள். வேரை உற்றுப் பாருங்கள். அந்தச் செடி உயிரோடு இருக்கிறது. இந்த இடத்தைத் தொடங்கியது அதற்காகத்தான்.