கடன்பட்ட கடாரம்

கடாரம் என்றவுடன் நம் மாணவர்க்கு இராசேந்திர சோழனும் பூஜாங் பள்ளத்தாக்கும் நினைவுக்கு வருகின்றன. வரவேண்டியவையே. ஆயின், அப்பழம்பெருமையைப் பாடநூலில் படித்துவிட்டு வீடு திரும்பிய பிள்ளை, அடுத்த நொடியே பற்றுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்கு ஓடிய காலம் ஒன்று இருந்தது. அந்தச் சிறு புத்தகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அரண்மனையில் தொடங்கித் தோட்டத்து லயம்வரை நீளும் அவ்வரலாற்றை நாம் வகுப்பறையில் மிகுதியாகப் பேசுவதில்லை.

கடனாளியின் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் அவனுடைய ஊதாரித்தனத்தையே சொல்லி முடித்துவிடுகின்றனர். கொடுத்தவன் எதைப் பார்த்துக் கொடுத்தான் என்று கேட்பவர் குறைவு. வாங்குவோனின் வருவாயைப் பார்த்துக் கொடுக்கும் கடன் ஒரு வகை. அவன் திருப்பித் தராவிட்டால் எதைப் பறித்துக்கொள்ளலாம் என்று பார்த்துக் கொடுக்கும் கடன் மற்றொரு வகை. கெடா மாநிலத்தில் இரண்டாம் வகையே நெடுங்காலம் கோலோச்சியது.

முதலில் மாட்டிக்கொண்டது அரசே. சுல்தான் அப்துல் ஹமீது ஹலீம் ஷாவின் ஆட்சியில், 1904ஆம் ஆண்டு, அரச குடும்பத்தில் ஐந்து திருமணங்கள் ஒருசேர நடந்தன. விழா மாதக்கணக்கில் நீடித்தது. இன்றும் அலோர் ஸ்டார் நகரின் நடுவே நிற்கும் பாலாய் பெசார் மண்டபம் அந்தக் கோலாகலத்தைக் கண்டது. ஏற்கெனவே வரிக் குத்தகைக்காரரிடம் முன்பணம் வாங்கிப் பழகியிருந்த கருவூலம் அத்துடன் வற்றிப்போயிற்று. பினாங்கில் கடன் கொடுத்தவர்கள் மாநிலத்தின் வரவு செலவைக் கணக்கிட்டா கொடுத்தார்கள்? நாடு ஓடிப்போகாது என்ற துணிவில் கொடுத்தார்கள். 1905இல் சயாம் அரசு 26 லட்சம் வெள்ளியை நூற்றுக்கு ஆறு வட்டியில் தந்து கெடாவைக் கைதூக்கிவிட்டது. கைதூக்கிய கை சும்மா இருக்குமா? நிதி ஆலோசகர் ஒருவரைக் கெடா ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. மாநில ஆட்சி மன்றமும் அவ்வாண்டே அமைந்தது. நான்காண்டுகள் கழித்து, 1909ஆம் ஆண்டின் ஆங்கில - சயாமிய உடன்படிக்கைப்படி, கெடாவின் மீது சயாமுக்கிருந்த உரிமைகள் ஆங்கிலேயருக்குக் கைமாறின. கெடா பட்டிருந்த கடனையும் கூட்டு மலாய் மாநிலங்களின் அரசு தன் தலையில் ஏற்றது. கல்யாணக் கடன் ஓர் அரசின் கடிவாளத்தையே பிறர் கையில் சேர்த்த கதை இது. தோட்டத்தில் மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கிய தொழிலாளியைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

அதே ஆண்டுகளில் இரப்பர் வந்தது. 1910இல் இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் இரப்பர் பன்னிரண்டு ஷில்லிங்கையும் தாண்டி விற்றது. கூலிம், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் காடு மறைந்து இரப்பர் எழுந்தது. பெருந்தோட்டங்களுக்கு இலண்டன் பங்குச் சந்தை பணம் தந்தது. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருந்த சிறுதோட்டக்காரனை ஐரோப்பிய வங்கிகள் வாயிற்படி ஏறவிடவில்லை. அவனுக்குக் கதவு திறந்தது செட்டியார் கிட்டங்கியே. நீண்ட கூடத்தில் வரிசையாகப் பெட்டியடிகள். ஒவ்வொன்றின் பின்னும் செட்டிநாட்டிலிருந்து மூன்றாண்டுத் தவணையில் வந்த ஒரு மேலாள். நிலப்பட்டாவைக் கொடுத்தால் பணம் கிடைக்கும். 1857இலேயே பினாங்குத் தண்ணீர்மலைச் சாலையில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பிய சமூகம் அது. நாணயத்திலும் கணக்கிலும் அவர்களை விஞ்ச எவரும் இலர். அவர்கள் இல்லாவிடில் சிறுதோட்டங்கள் பலவும் முளைத்தே இரா என்பதையும் நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

குறை மனிதரிடத்தன்று, முறையிடத்தே இருந்தது. இரப்பர் விலை ஏறினால் நிலத்தின் மதிப்பு ஏறும்; மதிப்பு ஏறினால் அதன்மீது இன்னும் கொஞ்சம் கடன். அந்தக் குடும்பம் ஆண்டொன்றுக்கு எவ்வளவு மிச்சப்படுத்தும் என்ற கேள்வி எழவே இல்லை. 1929இல் சிங்கப்பூரில் இராத்தலுக்குச் சராசரி 34 காசு பெற்ற இரப்பர், 1932இல் ஏறத்தாழ 7 காசுக்கு விழுந்தது. வட்டியோ விழவில்லை. பட்டாக்கள் பெட்டியடியிலேயே தங்கிவிட்டன. செட்டியார்களும் மகிழ்ந்திருக்க இயலாது. அவர்கள் சுழற்றிய பணத்தில் ஒரு பகுதி வங்கிகளிடம் வாங்கியது. வங்கி நெருக்கியது; கையில் இருந்ததோ விலைபோகாத நிலம். பர்மாவில் இதே நோய் இன்னும் முற்றியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1930களின் இறுதியில் நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. அந்நிலத்தை அவர்கள் விரும்பி வாங்கவில்லை. ஆயினும் அதன் பழி அவர்களை மட்டுமன்றி, அங்கிருந்த ஏழைத் தமிழரையும் சேர்த்தே சுட்டது.

மலாயாவில் அரசு விழித்துக்கொண்டது. கெடாவில் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1931இல் இயற்றப்பட்டது. கூட்டு மாநிலங்களில் 1913 முதல் இருந்த சட்டம் 1933இல் இறுக்கப்பட்டது. மலாய்க்காரரின் ஒதுக்கீட்டு நிலத்தைப் பிறரிடம் ஈடு வைக்கும் வழி அடைபட்டது. இதனால் மலாய் உழவன் கடனிலிருந்து மீண்டுவிட்டான் என்று எண்ணவேண்டா. கெடாவின் நெல்வயல்களில் 'ஜுவல் ஜன்ஜி' என்ற வழக்கம் வேரூன்றியிருந்தது. வட்டி மார்க்கத்துக்கு ஆகாதென்பதால் கடன் விற்பனை வேடம் பூண்டது. நிலம் பெயரளவில் விற்கப்படும். குறித்த தவணைக்குள் பணத்தைத் திருப்பினால் நிலம் மீளும். தவறினால் போனது போனதே. 'பாடி குஞ்சா' என்பது மற்றொன்று. அறுவடைக்கு முன்பே குறைந்த விலை பேசி, பணம் கொடுத்து நெல்லை வளைத்துக்கொள்வது. மொழியும் மதமும் வேறாயினும் ஈட்டைப் பார்த்துக் கொடுக்கும் குணம் ஒன்றே.

இனி, நிலமே இல்லாதவனின் நிலை. தோட்டப் பாட்டாளி எதை ஈடு வைப்பான்? தன் உழைப்பை. கங்காணி தந்த முன்பணத்துடன் கப்பலேறியவன் கரையிறங்கும்போதே கடனாளி. 1907இல் குடியேற்ற நிதி ஏற்பட்டு, தோட்ட முதலாளிமார் கட்டிய பணத்திலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்ட பின்னரே அந்தத் தளை தளர்ந்தது. ஆள் வேலைக்கு வரும் நாளெல்லாம் கங்காணிக்குத் தலைக்காசு. ஆள் கடனில் இருந்தால் தோட்டத்தை விட்டுப் போகான். கடன் கொடுப்பதில் கங்காணிக்கு ஏன் அத்தனை ஆர்வம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. போருக்குப் பின், 1950களில், வெள்ளையர் தோட்டங்களை விற்கவும், வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடவும் தலைப்பட்டபோது லயத்துக்கூரையும் நிலையற்றதாயிற்று. 1960இல் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வேறு வழியைக் காட்டியது. துன் வீ.தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் சேமிக்கச் சொல்லிப் பங்கு சேர்த்தார். கூலிம் பக்கத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் அவ்வாறு தொழிலாளர் பணத்தில் வாங்கப்பட்டதே. கடன் வாங்கிப் பழகிய கைகள் ஒரு தோட்டத்துக்கே உரிமை பெற்றன என்பது சிறிய செய்தியன்று.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பின் வந்தது வீட்டுக்கடன். சொந்த வீடு என்ற ஆசை நியாயமானதே. லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்க்கு அது மானத்தின் பெயர். ஆனால் வீட்டுக்கு ஒரு தவணை, காருக்கு ஒரு தவணை, கடன் அட்டைக்கு ஒன்று என்று கட்டிவிட்டு, மாத நடுவில் கூட்டுப் பணம் எடுத்துச் சமாளிக்கும் பெற்றோரை நான் பள்ளி அலுவலகத்தில் எத்தனையோ முறை சந்தித்திருக்கிறேன். கையெழுத்து வாங்கிய முகவர் ஒருவரும் அவர்களுடைய அடுப்படிச் செலவைக் கேட்டதில்லை. வட்டித் தொழில் சட்டம் 2003இல் திருத்தப்பட்டு, ஈட்டுக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு, ஈடில்லாக் கடனுக்குப் பதினெட்டு என்று வரம்பு கட்டப்பட்டது. கடனில் தத்தளிப்போர்க்கு ஆலோசனை கூற ஏ.கே.பி.கே. 2006இல் அமைந்தது. கடன் கேட்போரின் நிகர வருமானத்தை ஆராய்ந்த பின்னரே கடன் தரவேண்டும் என்ற பேங்க் நெகாராவின் நெறிமுறை 2012இல்தான் நடப்புக்கு வந்தது. வீட்டுக்கடனின் காலம் முப்பத்தைந்து ஆண்டுக்கு மேற்படலாகாது என்பது 2013இல்.

சுங்கைப் பட்டாணிக்கு அருகே நான் வளர்ந்த தோட்டத்தில் ஒரு மளிகைக் கடை இருந்தது. கடைக்காரர் ஏட்டுப் படிப்பு அதிகம் இல்லாதவர். அவர் நிறுவையில் கொஞ்சம் கைவைப்பார் என்று என் தாயார் குறைசொல்வதுண்டு. எங்கள் பற்றெல்லாம் அட்டையில் 555 என்று அச்சிட்ட சிறு குறிப்பேட்டில் ஏறும். ஒரு மழைமாதம், பால்வெட்டு நின்றுபோய் வேலைநாள் குறைந்திருந்தது. நான் சீனியும் நெத்திலியும் கேட்டு நின்றேன். அவர் ஏட்டைப் புரட்டி, விரல்விட்டு எண்ணி, “ஒங்கப்பாவுக்கு இந்த மாசம் எத்தனை பேரு விழுந்திருக்குன்னு கிராணிகிட்ட கேட்டேன்டா தம்பி. பதினொன்னுதான். அரிசி மட்டும் கொண்டு போ. மத்ததைக் கொடுத்தா சம்பளத்தன்னைக்கு ஒங்கப்பா என் மூஞ்சியப் பார்க்க மாட்டாரு” என்றார். அன்று நான் அழுதுகொண்டே வீடு திரும்பினேன். என் தந்தையார் ஏட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, அரிசியை அளந்து பானையில் போடச் சொன்னார்.