பனிமலையில் ஒளிப்படக் கருவி

ஒளிப்படக் கருவியைக் குளிரிலிருந்து காப்பது இன்று பெரும்பாலும் மின்கலத்தையும் வில்லையையும் பற்றிய கவலை. 19ஆம் நூற்றாண்டில் அது கரைசல்களையும் நீரையும் பற்றியதாக இருந்தது. ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர் சாமுவேல் போர்ன் (1834–1912) மேற்கொண்ட இமயமலைப் பயணங்கள் இதற்குச் சான்று.

1863இல் இந்தியா வந்த போர்ன், 1863, 1864, 1866 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை இமயமலைக்குள் சென்றார். முதல் பயணத்திலேயே சுமார் 30 சுமைதூக்கிகள் உடன் சென்றனர்.

அவர் கையாண்டது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, சில்வர் நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து உருத்துலக்க வேண்டும். எனவே கருவியோடு இருட்டுக் கூடாரமும் மலையேறியது. கடுங்குளிரில் உருத்துலக்கும் வினை மந்தமாகும். தகட்டைக் கழுவும் நீர் உறையும். கருவியைப் பெட்டியில் பத்திரப்படுத்தினால் மட்டும் போதாது.

1866இல் சுமார் 18,600 அடி உயரமுள்ள மணிராங் கணவாயில் அவர் படமெடுத்தார். ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு அவ்வுயரத்தை வேறு ஒளிப்படம் எட்டவில்லை. கண்ணாடித் தகடுகள் உடையாமல் மலையிறங்கியதில் சுமைதூக்கிகளின் பங்கு பெரிது.

1871இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் அறிவித்த ஜெலட்டின் உலர்தகட்டு முறை வளர்ந்தபின், பனியில் கரைசல் சுமக்கும் தேவை நீங்கியது. பனித்துளிச் சிக்கல் மட்டும் நீங்கவில்லை. குளிர்ந்த கருவியை வெதுவெதுப்பான இடத்துக்குக் கொண்டுவந்தால் வில்லையில் நீர் படியும். மூடிய பையிலேயே சிறிது நேரம் வைத்திருந்து திறப்பது நல்லது. புதுச்சேரி முதலியார்பேட்டையில் குளிரூட்டிய அறையிலிருந்து கடற்காற்றுக்குள் கருவியை எடுத்து வருவோருக்கும் இதே விதிதான்.